ஹந்தானை அடிவாரத்திலிருந்து தேர்தல் ஆணைக்குழுவுக்கு

ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தில் மகாவலி கங்கையின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம், இலங்கையின் பொதுவாழ்வுக்கு அமைச்சர்களையும் நிர்வாகிகளையும் மட்டுமன்றி, தம் துறையின் கணக்கை நாட்டின் கொள்கை விவாதத்துக்குள் எடுத்துச் சென்ற ஆசிரியர்களையும் தந்திருக்கிறது. அவ்வாறு எடுத்துச் சென்றவர்களில், மின்பொறியியலும் கணினியும் சந்திக்கும் துறையில் உலக அளவில் பெயர் பெற்று, இங்குள்ள பொறியியல் பீடத்தில் மூத்த பேராசிரியராகப் பணியாற்றி, பின்னர் நாட்டின் தேர்தல் ஆணைக்குழுவில் உறுப்பினராக அமர்ந்த பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூலின் வாழ்க்கை தனியாக எடுத்து ஆராயத் தக்கது. கணினி அறிஞர் ஒருவர் பொதுக் கொள்கையில் தலையிடும்போது அவர் எதைக் கொண்டுவருகிறார், அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்னும் இரு கேள்விகளுக்கும் அவருடைய வாழ்க்கையில் விடை இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த ஹூல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்த வளாகத்தில் 1975இல் பொறியியல் பட்டம் பெற்று, லண்டனில் முதுகலையும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982இல் முனைவர் பட்டமும் முடித்து, கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தார். மின்சாதனங்களைக் கணினியால் பகுப்பாய்ந்து வடிவமைப்பது பற்றி அவர் எழுதிய பாடநூல் 1989இல் வெளிவந்தது. மின் சாதனங்களின் வடிவத்தைச் செம்மைப்படுத்தும் கணிப்பு முறைகளுக்கு ஆற்றிய பங்களிப்புக்காக, உலக மின், மின்னணுப் பொறியியலாளர்களின் சங்கமான ஐ.ஈ.ஈ.ஈ. அவரை 1995இல் தன் ஃபெலோவாக உயர்த்தியது.

அந்தக் கணிப்பு முறையின் அடிப்படையைச் சாதாரண வாசகரும் புரிந்துகொள்ள முடியும். ஒரு மின்மோட்டாரின் உள்ளே காந்தப்புலம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஒரே சமன்பாட்டில் எழுதித் தீர்ப்பது இயலாத காரியம். ஏனெனில் இரும்பு, செம்பு, காற்றிடைவெளி என்று பொருளும் வடிவமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆகவே அந்தக் குறுக்குவெட்டைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் புலம் எளிய விதியில் மாறுகிறது என்று கொண்டு, அண்டை முக்கோணங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையோடு எல்லாச் சமன்பாடுகளையும் கணினியால் ஒருசேரத் தீர்ப்பதே ஃபைனைட் எலிமென்ட் முறை எனப்படுகிறது. இதைத் தலைகீழாகவும் கேட்கலாம்: வேண்டிய புலம் தெரியும், அதைத் தரும் வடிவம் எது? அல்லது, உலோகத் தகட்டின் மேற்பரப்பில் அளந்த அளவுகள் தெரியும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும் விரிசல் எங்கே, எவ்வளவு நீளம்? விளைவிலிருந்து காரணத்தைத் தேடும் இவ்வகைக் கேள்விகளைத் தலைகீழ்ச் சிக்கல் என்பர். கைக்கெட்டாத இடங்களிலுள்ள விரிசல்களைக் கண்டறிவது குறித்து ஹூலும் உடனாய்வாளர்களும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு அத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. வெளியே தெரியும் அளவுகளை வைத்து உள்ளே இருக்கும் பிளவைக் கண்டுபிடிக்கும் பயிற்சி, நிறுவனங்களைப் பார்க்கும் கண்ணையும் கூர்மைப்படுத்தும் என்று கருத இடமுண்டு.

இலங்கையின் உயர்கல்விக் கொள்கையில் கணக்கு எவ்வளவு நெருப்பான விஷயமாக மாறும் என்பதற்குப் பேராதனையிலேயே சான்று இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு மாணவர்களை வரிசைப்படுத்த 2001 முதல் நடைமுறையில் இருக்கும் இசட் புள்ளி முறையை முன்வைத்தவர் பேராதனையின் புள்ளியியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது இசட் புள்ளி. கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க அது உதவுகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரும் ஒரே தொகுப்பாகக் கணிக்கப்பட்டபோது, சராசரி எவருடைய சராசரி என்ற கேள்வி எழுந்து, வழக்காகி, 2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்து தனித்தனியே கணிக்கும்படி பணித்தது. (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்று வழங்கும் தலைமை நீதிமன்றத்தை இலங்கைத் தமிழில் உயர் நீதிமன்றம் என்பர்.) சூத்திரத்தில் பிழை இருக்கவில்லை, அதை எந்தக் கூட்டத்தின்மேல் பிரயோகிப்பது என்ற தீர்மானத்தில்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கை தொங்கியது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாக மாற்றியமைத்த தரப்படுத்தலை நேரில் கண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய மண்ணில்தான் ஹூல் கற்பித்தும் பத்திரிகைகளில் எழுதியும் வந்தார். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமித்தார். ஆனால் அங்கு எழுந்த கடும் எதிர்ப்பும் விடுதலைப் புலிகளின் ஆதரவுத் தரப்பிலிருந்து வந்த உயிர் அச்சுறுத்தலும் காரணமாக அவரால் அப்பதவியில் அமர முடியவில்லை. குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்ற நேர்ந்தது. அச்சுறுத்தலின் கனத்தை அக்குடும்பம் முன்பே அறிந்திருந்தது. அவருடைய சகோதரர் ராஜன் ஹூல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். அரசுப் படைகள், இயக்கங்கள் என்ற வேறுபாடின்றி எல்லாத் தரப்பின் மனித உரிமை மீறல்களையும் பதிவுசெய்த, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடன் சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதிய மருத்துவபீட ஆசிரியை ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். பல்கலைக்கழக ஆசிரியர் பொது விஷயத்தில் வாய்திறப்பது வேறு நாடுகளில் நேரச்செலவு என்று கருதப்படலாம்; இலங்கைத் தமிழரிடையே அது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த காலம் ஒன்று உண்டு, அதை மறந்துவிட்டு இந்த வாழ்க்கையை எடைபோட முடியாது.

2015 ஏப்ரலில் நிறைவேறிய 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்து, தேர்தல், பொலிஸ், பொதுச்சேவை போன்றவற்றுக்குச் சுயாதீன ஆணைக்குழுக்களை அமைத்தது. அதன்படி 2015 நவம்பரில் அமைந்த மூவர் தேர்தல் ஆணைக்குழுவில் மகிந்த தேசப்பிரிய தலைவராகவும், சட்டத்தரணி நளின் அபேசேகரவும் நாடு திரும்பியிருந்த பேராசிரியர் ஹூலும் உறுப்பினர்களாகவும் இருந்தனர். நிர்வாகம், சட்டம், பொறியியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரு மேசையில் கூடியது நல்ல அமைப்பு. ஏனெனில் தேர்தல் என்பது சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு கணிப்பு முறை, அதாவது இன்ன உள்ளீட்டுக்கு இன்ன படிகளைக் கடந்து இன்ன விளைவு வரவேண்டும் என்று முன்கூட்டியே விதிக்கப்பட்ட ஒழுங்கு. கணினித் துறையினர் அதை அல்கோரிதம் என்கிறார்கள்.

அந்த ஒழுங்கின் ஒரு பகுதியை அருகிலிருந்து பார்ப்பது பயனுடையது. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் புள்ளடியிடலாம், அல்லது மூவர்வரை 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதலிரு இடங்களில் உள்ளவர்களைத் தவிர மற்ற அனைவரும் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் மறுபடி மேசைக்கு வருகின்றன. அவற்றில் இரண்டாம் விருப்பு எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கிலும், இல்லையேல் மூன்றாம் விருப்பு இருந்தால் அதற்குரியவர் கணக்கிலும் சேர்கின்றன. பல தேர்தல்களில் தேவைப்படாமலே கிடந்த இந்த விதி, 2024 செப்டம்பர் 21 தேர்தலில் முதல்முறையாகச் செயலுக்கு வந்தது. அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதமே பெற்றிருந்ததால், மறுநாள் இரண்டாம் எண்ணிக்கை நடந்து முடிவு அறிவிக்கப்பட்டது. சீட்டுகள் காகிதத்தில் இருந்தன, எண்ணியவர்கள் மனிதர்கள், கட்சிகளின் முகவர்கள் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே புதிதாகச் செயற்பட்ட விதியாக இருந்தும் நாடு அந்த முடிவை அமைதியாக ஏற்றது.

விதி சரியாக எழுதப்படாதபோது என்ன ஆகும் என்பதை ஹூல் உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் காட்டியது. உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களில் நேரடியாகவும், 40 சதவீதத்தினர் கட்சியின் மொத்த வாக்கு விகிதத்துக்கு ஏற்பப் பட்டியலிலிருந்தும் வரவேண்டும், அத்தோடு கால்வாசிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. மொத்த வாக்கு விகிதப்படி ஒரு கட்சிக்கு 8 இடங்கள்தான் உரியவை, ஆனால் அது 11 வட்டாரங்களை வென்றுவிட்டது என்றால், வென்றவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது; ஆகவே சபையின் மொத்த எண்ணிக்கையைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும். முன்பு சுமார் 4,500 பேர் இருந்த உள்ளூராட்சி மன்றங்களில், சட்டமே இடங்களைப் பெருக்கியதாலும் அதன்மேல் இத்தகைய மிகை இடங்கள் சேர்ந்ததாலும், அத்தேர்தலுக்குப் பின் 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். ஒன்றோடொன்று முட்டும் நிபந்தனைகளை ஒரே சமன்பாட்டில் திணித்தால் விடை வீங்கும் என்பது வடிவமைப்புக் கணிதம் படித்தவர்கள் முதல் ஆண்டிலேயே கற்கும் பாடம். சட்டம் இயற்றும் இடத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லாதது அந்தச் சட்டத்தின் தலையாய குறை என்று சொன்னால் அது மிகையாகாது. அதே சமயம், 2 சதவீதம்போல் இருந்த பெண்களின் பங்கை இருபதுக்கு மேல் கொண்டுசென்றதும் அதே சட்டம்தான் என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஹூலின் பொதுவாழ்வில் நிலைத்து நிற்கப்போவது இவையல்ல, அதே ஆண்டின் இறுதியில் நடந்தது. 2018 ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்து, நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5இல் தேர்தல் என்று வர்த்தமானியில் அறிவித்தார். நாடாளுமன்றம் முதலில் கூடிய நாளிலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானத்தின் மூலம் கேட்டாலன்றி, அதைக் கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை என்று அப்போது நடைமுறையில் இருந்த 19ஆவது திருத்தம் சொன்னது. தேர்தலை நடத்தும்படி பணிக்கப்பட்ட ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்துகொண்டே, அந்தத் தேர்தலுக்கு அடிப்படையான கலைப்பே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தவர்களில் ஹூலும் ஒருவர். கட்சிகளும் சிவில் அமைப்புகளும் தொடுத்த மனுக்களோடு அவருடைய மனுவும் விசாரிக்கப்பட்டது. நவம்பர் 13 அன்று இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள்.

நடுநிலை காக்க வேண்டிய ஆணைக்குழுவின் உறுப்பினர் வழக்காளியாக மாறலாமா, பத்திரிகைகளில் எழுதலாமா, சக உறுப்பினர்களோடு முரண்பட்டால் அதை வெளியே சொல்லலாமா என்ற விமர்சனங்கள் அப்போதே எழுந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 நாடாளுமன்றத் தேர்தலின் தேதி குறித்து அவர் பெரும்பான்மையோடு உடன்படாமல் நின்றபோது அவை மேலும் வலுத்தன. இந்த விமர்சனத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நடுவர் ஆட்டக்காரரைப்போல் பேசத் தொடங்கினால் அவர் ஊதும் விசிலையும் ஒரு தரப்பின் குரலாகவே மக்கள் கேட்பார்கள். எனினும் 2018இல் எழுந்த கேள்வி எந்தக் கட்சி வெல்ல வேண்டும் என்பதன்று, ஆட்டத்துக்கு விதி உண்டா இல்லையா என்பது. அந்தக் கேள்வியில் நடுவர் வாய்மூடி இருப்பது நடுநிலை ஆகாது. உறுதியான தீர்ப்பு வந்தபின் இதைச் சொல்வது எளிது. தீர்ப்பு வருமுன், பதவியில் இருந்துகொண்டு, தம் பெயரில் மனுவில் கையெழுத்திடுவது அவ்வளவு எளிதன்று.

இப்படிப் பொதுக் கொள்கையில் தலையிடும் கணினிப் பேராசிரியர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தபோது, சென்னை ஐ.ஐ.டி.யின் கணினிப் பேராசிரியர் வி. காமகோடி, முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்றும் அதனால் செய்தியின் இரகசியக் குறியாக்கத்தை உடைக்கத் தேவையில்லை என்றும் ஒரு வழியை முன்வைத்தார். மும்பை ஐ.ஐ.டி.யின் கணினிப் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன், அந்த வழி குற்றவாளிகளால் எளிதில் ஏமாற்றப்படக்கூடியது, சாதாரண மக்களின் அந்தரங்கத்தையே பாதிக்கும் என்று மறுத்து எழுதினார். இருவரும் தேர்ந்த அறிஞர்கள். இருவரும் தம் வாதத்தை எழுத்தில், படிப்படியாக, மற்றவர் சோதித்துப் பார்க்கும்படி வைத்தார்கள். முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் கடமை 2021 பெப்ரவரியில் வந்த இந்தியத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இடம்பெற்றது. காமகோடி 2022இல் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநரானார். விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அது எந்தத் தளத்தில் நடக்க வேண்டுமோ அந்தத் தளத்தில் நடந்தது.

வாக்கு இயந்திரம் பற்றிய உலக விவாதத்தையும் நகர்த்தியவர்கள் இத்துறையினரே. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பேராசிரியர் டேவிட் டில் 2003இல் காகிதத் தடம் இல்லாத வாக்கு இயந்திரங்களுக்கு எதிராகக் கணினி அறிஞர்களைத் திரட்டினார். தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்ற அடிப்படையில், ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அங்கு பயன்பட்ட வாக்குக் கணினிகளை ஏற்க மறுத்தது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2013 ஒக்டோபரில் இயந்திரத்துக்குக் காகிதத் தடம் இன்றியமையாதது என்றது. கணினியை நன்றாக அறிந்தவர்களே கணினியை முழுதாக நம்ப வேண்டாம் என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. மருந்தின் பக்கவிளைவை மருத்துவர்தான் முதலில் அறிவார்.

ஹூலின் பதவிக்காலம் 2020ஆம் ஆண்டோடு முடிவுற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த 20ஆவது திருத்தம் ஆணைக்குழுக்களின் சுயாதீனத்தையும் சுருக்கியது. ஆனால் கணினியும் பொதுக் கொள்கையும் சந்திக்கும் கேள்விகள் முடியவில்லை. உயிரியல் அடையாளங்களோடு கூடிய டிஜிட்டல் தேசிய அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியுடன் இலங்கையில் திட்டமிடப்பட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. கைரேகை பதியாத கை யாருடையது, பெயர் தவறாகப் பதிந்தால் திருத்தும் வழி எது, பட்டியலை யார் பார்க்கலாம் என்பவை இனி வரும் ஆண்டுகளின் கேள்விகள். இந்தியாவின் ஆதார் அடையாள எண் திட்டம் குறித்து இத்தகைய கேள்விகளை 2017இல் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களின் கணினிப் பேராசிரியர்கள் எழுப்பினார்கள்.

இக்கேள்விகள் ஹந்தானையில் வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. பல்கலைக்கழகத்தின் விடுதிகளிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்தச் சரிவுகளில் தேயிலை பயிரிட்டு, கொழுந்து பறித்து, லயன் எனப்படும் வரிசை அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையகத் தமிழர்கள், 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்க, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. எவரும் வாக்குப் பெட்டியைத் திருடவில்லை, சீட்டைக் கிழிக்கவில்லை; பாட்டனும் தந்தையும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு ஆவணம் கேட்டார்கள், தோட்டத்துப் பிறப்புகளுக்கு அந்த ஆவணம் இருக்கவில்லை, பட்டியலில் பெயர் இல்லாமல் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட அந்தக் கொடுமை நடந்தது ஒரு தரவுப் பட்டியலின் வழியாகத்தான்.

ஆகவே அடுத்த முறை வாக்காளர் இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, ஹந்தானையின் தோட்டத்திலோ கண்டி நகரத்திலோ வேறு எந்த ஊரிலோ இருக்கும் வாசகர் கிராம அலுவலரிடம் சென்று, தம் பெயரும் வீட்டாரின் பெயர்களும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் குறித்த நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எழுதத் தெரியாத அயல்வீட்டாருக்கும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.